என் தபால் ஓட்டு எண்ணப்பட்டதா?

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்குகளில் நின்றது. அதிமுகவின் இன்பதுரைக்கு 69,590, திமுகவின் அப்பாவுக்கு 69,541. அந்த 49-ஐவிட என்னை அதிகமாக உறுத்திய எண் 203. அத்தனை தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். வாக்காளர் யார் என்பதில் சந்தேகம் கிடையாது, வாக்கைக் குறித்ததிலும் பிழை கிடையாது. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்கள் தலைமை ஆசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று எண்ணும் இடத்தில் இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அந்த முடிவு தவறு, 203-ஐயும் எண்ணுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

நான் ஓய்வுபெற்ற அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. கொடைக்கானல் மேல்மலையில் வேலை பார்த்தவள். பச்சை மையில் நான் போட்ட கையெழுத்தை நம்பி எங்கள் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் எத்தனையோ பேர் தபால் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். "டீச்சர், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாளைக்கு டியூட்டிக்குக் கிளம்பணும்" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பார்கள். போட்டுக் கொடுப்பேன். அந்த உறைகள் எண்ணப்பட்டனவா, குப்பையாகக் கட்டி வைக்கப்பட்டனவா என்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்த வழியை உண்டாக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்தல் வேலை எப்படி நடக்கிறது என்பது வெளியே அதிகம் தெரியாது. சொந்தத் தொகுதியில் யாருக்கும் வேலை போட மாட்டார்கள். நல்ல விதிதான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் பழனி தொகுதிக்குள் வருவதால் இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் வேடசந்தூருக்கோ நத்தத்துக்கோ நிலக்கோட்டைக்கோ போக வேண்டும். முதல் பேருந்தில் கொடைக்கானல், அங்கிருந்து வத்தலகுண்டு, பிறகு திண்டுக்கல், அதன்பிறகு தேர்தல் ஆணையம் அனுப்பும் வண்டி. மேல்மலைக் குளிரிலிருந்து நேராகச் சித்திரை வெயிலுக்குள் இறங்குவோம். ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியின் வகுப்பறைத் தரையில் படுக்கை. கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். விடிவதற்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவு, ஏழு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். இரவு, பதிவான வாக்குகளின் கணக்கான 17-சி படிவத்தை எழுதி முடித்து, இயந்திரத்தை ஜோனல் அதிகாரியிடம் ஒப்படைத்து, ஊருக்குப் பேருந்து பிடிக்கும்போது மறுநாள் ஆகிவிடும். அத்தனை பேருக்கும் விரலில் மை வைத்துவிட்டு வரும் எங்கள் ஓட்டு மட்டும் ஒரு உறைக்குள் இருக்கும்.

அந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாதம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

தபால் வாக்காளருக்கு இரண்டு உறைகள் தருவார்கள். வாக்குச்சீட்டை உள்ளே வைத்து ஒட்டும் சின்ன உறை 13-பி. அதையும் உறுதிமொழிப் படிவமான 13-ஏ-யையும் சேர்த்துப் போடும் பெரிய உறை 13-சி. உறுதிமொழியில் வாக்காளர் பெயர் இருக்கும், வாக்குச்சீட்டின் வரிசை எண் இருக்கும், வாக்காளர் கையெழுத்து இருக்கும், கீழே சான்றொப்பம். வாக்கு எண்ணும் நாளில் பெரிய உறையைப் பிரித்து முதலில் இந்தப் படிவத்தைத்தான் பார்ப்பார்கள். படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் சரியில்லை, எண் பொருந்தவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன உறையைத் தொடவே மாட்டார்கள். ஓட்டு அங்கேயே முடிந்துபோகும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிமிடத்தில் அதிகாரியின் கையில் ஒரு பெயர் இருக்கிறது. இன்னார் ஓட்டுப் போட்டிருக்கிறார், இன்ன குறையால் அதை எண்ணவில்லை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் உள்ளுறை ஒட்டியபடியே இருக்கிறது. ஆகவே அந்த ஆசிரியையை, அந்தக் காவலரை, அந்த நடத்துநரைக் கூப்பிட்டு "உங்கள் படிவத்தில் இது குறைகிறது, வந்து சரிசெய்யுங்கள்" என்று சொன்னால் வாக்கின் ரகசியம் இம்மியும் கெடாது. கடன் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் வங்கியில் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். ஒரு குடிமகனின் வாக்கு விட்டுப்போனால் ஒருவரும் கூப்பிடுவதில்லை.

நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. 2011-ல் தமிழ்நாடு ஏப்ரல் 13 அன்று வாக்களித்தது, மே 13 அன்று எண்ணினார்கள். 2021-ல் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு, மே 2 அன்று எண்ணிக்கை. 26 நாள் எங்கள் உறைகள் பூட்டிய அறைக்குள் கிடந்தன. முகவர்கள் முன்னிலையில், வீடியோ எடுத்து, வெளியுறையை மட்டும் பிரித்து உறுதிமொழிகளைச் சரிபார்க்க அதில் ஒரு வாரம் போதும். குறையுள்ளவர்களின் பட்டியலை ஒட்டிவிட்டு, எண்ணிக்கை நாளுக்கு முதல் நாள்வரை திருத்த வாய்ப்புக் கொடுத்தால் எண்ணும் மேஜையில் சண்டையும் குறையும்.

49 வாக்கில் முடிவதெல்லாம் எப்போதோ நடக்கும் அதிசயம் என்று நினைப்பவர்கள் 2021 முடிவுகளை எடுத்துப் பார்க்கட்டும். சென்னை தியாகராய நகரில் 137 வாக்கு. மொடக்குறிச்சியில் 281. தென்காசியில் 370. காட்பாடியில் துரைமுருகன் போன்ற மூத்த தலைவருக்கே 746. இந்த வித்தியாசங்களைத் தொகுதியின் தபால் வாக்குகளோடு ஒப்பிடுங்கள். ஒரு தொகுதிக்கு வரும் தபால் வாக்குகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ராஜஸ்தானில் 2008-ல் முதலமைச்சர் ஆவார் என்று பேசப்பட்ட சி.பி.ஜோஷி, நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். முதலமைச்சர் நாற்காலிக்கும் அவருக்கும் நடுவே ஒரு வாக்கு.

எங்கள் பழனியும் இதைப் பார்த்திருக்கிறது. 2011-ல் அதிமுகவின் வேணுகோபாலு, திமுகவின் ஐ.பி.செந்தில்குமாரை வென்ற வித்தியாசம் இரண்டாயிரம்கூட இல்லை. அடுத்த இரண்டு தேர்தல்களில் செந்தில்குமார் 25,000-க்கும் மேலான வித்தியாசத்தில் வென்றதால் அந்த நெருக்கம் பலருக்கு மறந்துபோயிருக்கும். மலைக்காரர்களுக்கு மறக்கவில்லை. தொகுதியின் பெரும்பாலான வாக்குகள் கீழே, பழனி நகரத்திலும் ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோப்புகளைச் சுற்றிய ஊர்களிலும் இருக்கின்றன. வேட்பாளர்கள் பிரசாரத்தில் கொடைக்கானல் நகரத்துக்கு வருவார்கள், பூம்பாறைவரை வருவார்கள், கிளாவரைக்கு வருவது அபூர்வம். ஆனால் வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் வரும்போது மேல்மலையின் இரண்டு ஊராட்சிகள் சேர்ந்தால் முடிவை மாற்றிவிடும். அன்றைக்கு மட்டும் எங்கள் பூண்டு விலையும் கேரட் லாரிக்கான சாலையும் காட்டுமாடு மிதித்த வெள்ளாமைக்கான இழப்பீடும் எல்லோர் வாயிலும் வந்தன. நெருக்கமான தேர்தல் மலைக்கு நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். எண்ணிக்கை நேர்மையாக இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் அதற்கு அடியில் இருந்தாக வேண்டும்.

இந்த நாட்டுத் தேர்தல் ஆணையத்தை நான் மதிக்கிறேன். மதிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. வட்டக்கானலுக்குக் கீழே, சரிவில் இறங்கும் காட்டுப் பாதையில் வெள்ளகவி இருக்கிறது. கொடைக்கானல் நகரம் உருவாவதற்கு வெகு முன்பே இருந்த ஊர். தெருவில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமல், நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த ஊர். அந்த ஊருக்குக் குதிரையிலும் தலைச்சுமையிலும் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கொண்டுபோய், வாக்கு வாங்கி, மறுபடி மலையேறி வந்திருக்கிறார்கள். குஜராத்தின் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தனிச் சாவடி அமைத்திருக்கிறார்கள். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் உலகத்தில் வேறெங்கும் இந்த அளவில் இல்லை. வாக்கை வாங்கும்வரை இருக்கும் அந்தப் பிடிவாதம், எண்ணும் அறைக்குள்ளும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒருவருக்காகக் காட்டுக்குள் நடந்துபோகும் நிர்வாகம், 203 பேருக்காக ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யாமல் விட்டது எனக்கு வலிக்கிறது.

இதை வேறு விதமாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2004-ல் நடந்த ஆளுநர் தேர்தலைச் சொல்வேன். அங்கே ஆளுநர்தான் மாநில அரசை நடத்துபவர், மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய 28 லட்சம் வாக்குகள் பதிவாயின. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸி, ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டீன் கிரெக்வாரைவிட 261 வாக்கு அதிகம் பெற்றிருந்தார். வித்தியாசம் இவ்வளவு குறைந்தால் இயந்திரத்தில் மறுபடி எண்ணியாக வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். யாரும் மனுப் போட வேண்டியதில்லை. எண்ணினார்கள், வித்தியாசம் 42 ஆனது. அதன்பிறகு தோற்ற தரப்பு பணம் கட்டிக் கையால் எண்ணச் சொன்னது. மாநிலம் முழுவதும் ஒவ்வொரு சீட்டாகக் கையால் எண்ணினார்கள். முடிவு கிரெக்வார் பக்கம் 129 வாக்கில் திரும்பியது.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமானது நடுவில் நடந்த ஒன்று. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் மாவட்டத்தில் தள்ளுபடியான அஞ்சல் வாக்காளர்களின் பட்டியலை அந்த மாவட்டக் கவுன்சிலின் தலைவர் லாரி பிலிப்ஸ் பார்த்தபோது, அதில் அவருடைய பெயரே இருந்தது. ஓட்டும் போட்டிருந்தார், கையெழுத்தும் போட்டிருந்தார். கணினியில் அவருடைய மாதிரிக் கையெழுத்து ஏறாமல் இருந்ததால் ஊழியர்கள் ஒதுக்கிவிட்டார்கள். காகிதப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. தேடிப் பார்த்ததில் அதே காரணத்தால் ஒதுக்கிய வாக்குகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அவற்றை எண்ணலாமா என்று வழக்கு நடந்தது. மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22 அன்று எண்ணலாம் என்றது. ஒரு பட்டியல் வெளியே இருந்ததால் ஒரு மனிதர் தன் பெயரைப் பார்த்தார், அவர் பார்த்ததால் மற்றவர்களின் வாக்கும் பிழைத்தது. நம் ஊரில் அந்தப் பட்டியலே கிடையாது. ராதாபுரத்தில் ஓட்டுப் பறிபோன 203 பேரில் எத்தனை பேருக்குத் தாங்கள் அதில் ஒருவர் என்று தெரிந்திருக்கும்?

ராஸி தரப்பு வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன வெனாச்சி என்ற மலையடி ஊரின் நீதிமன்றத்தில் விசாரணை. (பேரிக்காயும் பிளம்ஸும் விளையும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஊர் பிடித்துப்போகும்.) நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் சாட்சிகளைக் கேட்டார். தகுதியில்லாதவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டார். அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னார். ஆதாரம் இருந்த நான்கு வாக்குகளை ராஸியின் கணக்கிலிருந்து கழித்தார். வித்தியாசம் 133 ஆனது. 2005 ஜூன் 6 அன்று தீர்ப்பு, அன்றைக்கே ராஸி மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். வாக்குப்பதிவு நடந்து ஏழு மாதங்கள். அந்தத் தேர்தலின் நிர்வாகத்தில் எத்தனையோ கோளாறுகள் இருந்தன, அவை அந்த விசாரணையிலேயே அம்பலமாயின. ஆனாலும் அந்த மாநிலத்து மக்களுக்குத் தங்களை ஆள்வது யார் என்பது ஏழு மாதத்தில் தீர்ந்துவிட்டது.

நாம் ஆளுநருக்கு வாக்களிப்பதில்லை. 1948 வரைவு அரசியல் சாசனத்தில் மக்களே ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதற்கான வழியும் எழுதப்பட்டிருந்தது. 1949 மே மாத இறுதியில் அரசியல் நிர்ணய சபை அதைக் கைவிட்டு, குடியரசுத் தலைவர் நியமிக்கும் முறையை ஏற்றது. மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு எதிரே மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் நின்றால் மோதல் வரும் என்று தலைவர்கள் அஞ்சினார்கள். அது தனி விவாதம், இங்கே அதற்குள் போகவில்லை. அதன் விளைவைத்தான் சொல்ல வருகிறேன்: நம் மாநிலத்தை யார் ஆள்வது என்பது 234 தொகுதிகளின் தனித்தனி எண்ணிக்கையில்தான் தீர்மானமாகிறது. 2016-ல் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் மாநில அளவில் வாக்கு வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம். அப்படிப்பட்ட தேர்தலில் ஒரு தொகுதியின் பிழை மாநிலத்தின் பிழை.

ராதாபுரத்தில் என்ன நடந்தது என்று தொடர்ந்து பாருங்கள். அப்பாவு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முடிவு அறிவித்த பிறகு அது ஒன்றுதான் வழி. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி 45 நாளுக்குள் தேர்தல் மனு போட வேண்டும். ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளின் இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது 2019 அக்டோபரில். அதே மாதம் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்தில் எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அது வெளியே வரவில்லை. அந்த ஐந்தாண்டுக்குள்தான் ஜெயலலிதா மறைந்தார், 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது, 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கப்பட்டார்கள். ஒவ்வொரு இருக்கையையும் விரல்விட்டு எண்ணிய காலம் அது. 2021-ல் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரும் ஆனார். அவருக்குக் காலம் வேறு வழியில் ஈடு கொடுத்தது. ராதாபுரத்து வாக்காளர்களுக்கு 2016-ல் தாங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற பதில் அந்த ஐந்தாண்டில் கிடைக்கவே இல்லை. இன்பதுரைக்கும் அது அநியாயம்தான். அவர் நியாயமாகவே வென்றிருந்தால், அதைச் சந்தேகமில்லாமல் சொல்லிக்கொள்ளும் உரிமை ஐந்து ஆண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

தென்காசியில் நிலைமை சற்றுப் பரவாயில்லை. 370 வாக்கில் வென்ற காங்கிரசின் பழனி நாடார்மீது போடப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2023 ஜூலையில் தபால் வாக்குகளை மறுபடி எண்ணினார்கள். அவருடைய வெற்றி உறுதியானது. அதற்கும் இரண்டு ஆண்டுக்குமேல் ஆகிவிட்டது. ஒரு நாளில் எண்ணி முடித்த சீட்டுகள் அவை.

மறு எண்ணிக்கையை எளிதாக்கினால் தோற்றவர் எல்லோரும் கேட்பார்கள், ஆட்சி அமைவது தாமதமாகும் என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. வாக்கு ரகசியத்தைக் காப்பதற்காக மறு எண்ணிக்கையைச் சுலபமாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே ராம் சேவக் யாதவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. வித்தியாசம் குறைவு என்பது மட்டுமே காரணமாகாது என்பதும் நீதிமன்றங்கள் பல முறை சொன்னதுதான். இன்றைய விதிப்படி எண்ணிக்கை முடிந்து முடிவை அறிவிப்பதற்கு முன் வேட்பாளரோ முகவரோ எழுதிக் கேட்க வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவு. இரவு பதினோரு மணிக்கு, வெளியே பட்டாசு வெடிக்கும் நேரத்தில், இரண்டு கட்சிக்காரர்களும் கத்திக்கொண்டிருக்க, ஒரு அதிகாரி தனியாளாக அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. அவர்மீது அத்தனை பாரத்தை வைப்பது அவருக்கும் நல்லதில்லை. ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே வித்தியாசம் வந்தால் மறு எண்ணிக்கை தானாகவே நடக்கும் என்று எழுதிவிட்டால் யாரும் கெஞ்ச வேண்டாம், யாரும் மறுக்கவும் வேண்டாம். பதிவான வாக்கில் அரை சதவீதம் என்று வைத்தால், 2011-ன் பழனியைத் தவிர மேலே சொன்ன நம் மாநிலத்து நெருக்கமான முடிவுகள் எல்லாம் அதற்குள் வரும். மாநிலம் முழுவதும் எண்ண வேண்டியிருக்காது, விரல்விட்டு எண்ணும் அளவு தொகுதிகள்தான். இரண்டு நாள் தாமதத்தை இந்த மாநிலம் தாங்கும்.

சில முன்னேற்றங்கள் நடந்திருக்கின்றன. வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால், அவை அனைத்தையும் மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. 2023-ல் விதிகளைத் திருத்தி, தேர்தல் பணியில் இருப்பவர்கள் வாக்களிப்பு வசதி மையத்திலேயே ஓட்டுப் போட வேண்டும் என்றார்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் சான்றொப்பம் போட ஆள் இருப்பார், அலைச்சல் மிச்சம். இரண்டும் நல்லவை. ஆனால் மறு சரிபார்ப்பைச் செய்வது முதலில் தள்ளுபடி செய்த அதே அலுவலர். அதே மேஜை, அதே இரவு, வாக்காளர் அங்கே இல்லை. வசதி மையத்திலும் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது படிவத்தில் எண் விட்டுப்போகும், படிவம் உள்ளுறைக்குள் மாறிப்போகும். இப்போது 85 வயது கடந்தவர்களும் மாற்றுத் திறனாளிகளும் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம். மேல்மலையில் படியிறங்க முடியாத பாட்டியின் வீட்டு வாசலுக்கு ஒரு குழு வாக்குச்சீட்டோடு வருவது பெரிய மரியாதை. அந்தப் பாட்டியின் உறையும் ஒரு விடுபட்ட கையெழுத்தால் ஒதுக்கப்படலாம். அவருக்கும் சொல்ல யாரும் வர மாட்டார்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு தேர்தலில் எனக்கு வாக்குச்சீட்டே வந்து சேரவில்லை. தபால் ஓட்டு கேட்டுப் படிவம் 12 கொடுத்திருந்தேன். கேட்டபோது ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, வாக்கு எண்ணும் நாளும் வந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பலருக்கு இப்படி ஒரு அனுபவம் இருக்கும். சங்கக் கூட்டங்களில் ஊதிய உயர்வு, ஓய்வூதியம், பணியிட மாறுதல் எல்லாம் பேசுவோம். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். தபால் ஓட்டைப் பற்றிப் பேசினால் "விடுங்க டீச்சர், நம்ம ஓட்டா ஆட்சியை மாத்தப்போகுது" என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். 203 ஓட்டு ஒரு தொகுதியின் ஐந்தாண்டைத் தீர்மானித்திருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகும் அப்படிச் சொல்லலாமா?

இதற்கு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வேண்டியதில்லை. தபால் வாக்கை எண்ணும் முறை 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 54-ஏ விதியில் இருக்கிறது, மறு எண்ணிக்கை 63-ஆம் விதியில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 169-ஆம் பிரிவுப்படி, தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசே இந்த விதிகளைத் திருத்தலாம். 2023 திருத்தமும் அப்படி வந்ததுதான். வெளியுறையை எண்ணிக்கை நாளுக்கு முன்பே பிரித்து உறுதிமொழியைச் சரிபார்ப்பது, குறையுள்ளவர்களுக்குத் தகவல் சொல்லித் திருத்த நாள் கொடுப்பது, எண்ணிக்கை முடிந்ததும் தள்ளுபடியான ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுத்தில் அனுப்புவது, அரை சதவீதத்துக்குக் கீழே தானாகவே மறு எண்ணிக்கை. இந்த நான்கையும் ஆசிரியர் சங்கங்களும் காவலர் குடும்பங்களும் போக்குவரத்துத் தொழிற்சங்கங்களும் ஆணையத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். கட்சிகளும் கேட்க வேண்டும், ஏனென்றால் ராதாபுரத்தில் ஒரு கட்சிக்கு நடந்தது அடுத்த முறை இன்னொரு கட்சிக்கு நடக்கும். நான் என் பங்குக்கு மேல்மலைப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறேன். மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் வாங்கியாயிற்று, அடுத்து பூண்டிக்கும் கிளாவரைக்கும் போக வேண்டும்.